ஊருக்குப் பதில் சொல்லாத படிப்பு

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பெற ஒரு மாணவர் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 140 கிரெடிட்டுகள் சேர்க்க வேண்டும். அதில் ‘பகுதி 5’ என்ற தலைப்பின் கீழ் விரிவாக்கப் பணிக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு எல்லாம் அந்த ஒற்றைக் கிரெடிட்டுக்குள் அடக்கம். அதற்குத் தேர்வு இல்லை, பெரும்பாலான இடங்களில் வகுப்பும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும், கிரெடிட் கைக்கு வந்துவிடும்.

மறுபுறம், கொள்கை ஆவணங்கள் இந்தப் பணியை உச்சியில் வைத்துப் பேசுகின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சமூகப் பணியைக் கிரெடிட்டுடன் கூடிய பாடமாக்க வேண்டும் என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகள், இரண்டு கிரெடிட் மதிப்புள்ள, 30 மணி நேரப் பாடம் ஒன்றைப் பரிந்துரைத்து, அதில் பாதி நேரமாவது மாணவர்கள் மக்களிடையே இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. ஆகவே பாடத்தையும் சமூகப் பணியையும் இணைக்கும் சேவைவழிக் கற்றலுக்கு உயர்கல்வியில் இடம் உண்டா என்ற கேள்விக்குக் காகிதத்தில் விடை கிடைத்துவிட்டது. அந்த இடம் நேர்மையானதா என்பதே நம் முன் உள்ள கேள்வி. இன்றுள்ள நிலையில் அது நேர்மையானதாக இல்லை என்பதே நம் கருத்து.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1948-இல் அமைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவே மாணவர்கள் விருப்பத்தின் பேரில் நாட்டுப் பணியில் ஈடுபட வழி செய்ய வேண்டும் என்று சொன்னது. 1950-களின் இறுதியில் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை நாட்டுப் பணி கட்டாயம் என்றது. அதன்பின் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையதைன், அது விருப்பத்தின் பேரில் இருப்பதே நல்லது என்றார். கோத்தாரி கல்விக் குழுவோ கல்வியின் எல்லா நிலைகளிலும் சமூகப் பணி இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இருபது ஆண்டு விவாதத்தின் விளைவாக, காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. பெரியோர் பலர் பல ஆண்டுகள் யோசித்து உருவாக்கிய ஒன்று, இன்று எப்படி நடக்கிறது?

ஏழு நாள் முகாமை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் நிரல் மனப்பாடம். முதல் நாள் தொடக்க விழா. ஊராட்சித் தலைவருக்குப் பொன்னாடை, கல்லூரி முதல்வரின் வாழ்த்துரை. இரண்டாம் நாள் கோயில் வளாகத் தூய்மைப் பணி. மூன்றாம் நாள் மரக்கன்று நடுதல். அடுத்து கண் சிகிச்சை முகாம் அல்லது கால்நடை முகாம். பிறகு பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி, ஒரு மாலை கலை நிகழ்ச்சி, இறுதியில் நிறைவு விழா. ஒவ்வொன்றிலும் பதாகையைப் பிடித்தபடி ஒரு புகைப்படம். படத்தின் ஓரத்தில் இடமும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும், ஏனெனில் தர மதிப்பீட்டுக் குழு அப்படித்தான் சான்று கேட்கிறது. நட்ட கன்றுக்கு மறுவாரம் தண்ணீர் ஊற்றியது யார் என்ற சான்றை எந்தக் குழுவும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு வேறு ஊர். சில சமயம் அதே ஊர், அதே பள்ளி வளாகம், அதே குழிகளில் புதிய கன்றுகள்.

முகாமின் ஒரு நாள் வீடு வீடாகக் கணக்கெடுப்புக்கும் ஒதுக்கப்படுகிறது. மாணவர்கள் படிவத்தோடு போகிறார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன வருமானம், கழிப்பறை உண்டா, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், யாருக்காவது நோய் உண்டா என்று கேட்கிறார்கள். வேலைக்குப் புறப்பட்ட பெண் வாசலில் நின்று பதில் சொல்கிறாள். கடனைச் சொல்கிறாள், கணவனின் குடியைச் சொல்கிறாள், மகளுக்கு இரத்தசோகை என்பதைச் சொல்கிறாள். படிவங்கள் கல்லூரிக்குப் போய், அட்டவணையாகி, அறிக்கையாகி, பைண்ட் செய்யப்பட்டுத் துறை அலமாரியில் அமர்கின்றன. அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் வந்து சொன்னவர் உண்டா? ஊராட்சி அலுவலகத்துக்காவது ஒரு படி போனதா? எல்லா ஊரிலும் இல்லை என்று சொல்ல மாட்டோம். போனது அரிது என்பதைக் கல்லூரி ஆசிரியர்களே அறிவார்கள்.

இதில் உள்ள அநீதியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏழைக் குடும்பம் தன் நேரத்தையும் தன் அந்தரங்கத்தையும் கொடுத்தது. மாணவருக்குக் கிரெடிட் கிடைத்தது. ஆசிரியருக்குப் பணிப்பதிவில் ஒரு வரி கிடைத்தது. கல்லூரிக்கு மதிப்பீட்டில் புள்ளி கிடைத்தது. கொடுத்த குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு நிறுவனம் இதைச் சேவை என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வதை ஏற்க முடியாது.

கல்லூரியால் ஊருக்கு என்ன கொடுக்க முடியும் என்பதற்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் அவை. பழுப்பேறிய பற்களோடு பள்ளிக்கு வரும் குழந்தைகளை அங்கே தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே முதன்மையாக அந்தக் கொடுமைக்காகத்தான். திட்டத்தின் தண்ணீர் தடைப்படும் நாளில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றை நாடுவது இயல்பு. இந்த மாவட்டங்களின் கல்லூரிகளில் வேதியியல் துறைகள் இருக்கின்றன, ஆய்வகங்கள் இருக்கின்றன, நீரைப் பகுத்தாய்வது பாடத்திலும் இருக்கிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்ற இந்தியத் தர நிர்ணய வரம்பை மாணவர் தேர்வில் எழுதுகிறார். அதே மாணவர் தன் ஊர்க் கிணற்று நீரைச் சோதித்து, எந்தக் கிணற்று நீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊராருக்கு எழுதிக் கொடுத்தால், அங்கே படிப்பும் நடக்கிறது, பணியும் நடக்கிறது. ஆண்டுக்கு இரு முறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தால், அரசுத் துறைகளே கேட்டு வாங்கும் ஆவணமாக அது மாறும். வேதியியல் மாணவரை இரண்டு ஆண்டுகளும் கோயில் பிராகாரம் கூட்ட வைத்துவிட்டு அதைக் கல்வி என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

கூட்டுவது இழிவு என்று நாம் கருதவில்லை. உடலுழைப்பின் மதிப்பை மாணவர் அறிய வேண்டும் என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கல்லூரி என்ற நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும் திறனை ஊர் ஒருபோதும் பெறுவதில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு. பட்டாவையும் அடங்கலையும் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் புரோக்கரிடம் பணம் கொடுக்கும் ஊர்களுக்கு அருகில் சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. சுயஉதவிக் குழுக் கடனுக்கும் நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணைக்கும் இடையே கணக்குப் புரியாமல் திணறும் பெண்களுக்கு அருகில் வணிகவியல் துறைகள் இருக்கின்றன. இரு தரப்புக்கும் நடுவே ஒரு சுற்றுச்சுவர்தான் இருக்கிறது.

சேவைவழிக் கற்றல் என்ற கருத்து அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. அதை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ராபர்ட் சிக்மன் 1979-இல் மூன்று நெறிகளை வகுத்தார். பணியைப் பெறுவோரே அந்தப் பணி எது என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது முதல் நெறி. பணியைப் பெறுவோர் அதன் மூலம் தம் காலில் நிற்கும் வலிமை பெற வேண்டும், பணி செய்பவரும் கற்பவரே என்பவை மற்ற இரண்டு. அதற்கும் முன்பே, 1968-இல், மெக்ஸிகோவின் குவர்னவாக்காவில் தொண்டு செய்யத் திரண்டிருந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே சிந்தனையாளர் இவான் இலிச் கடுமையாகப் பேசினார். உங்கள் நல்லெண்ணத்தால் இந்த ஏழைகளுக்குப் பயன் இல்லை, கற்றுக்கொள்ள வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அந்த உரையின் சாரம். அதை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் செய்யும் உதவி யாருக்கு இன்பம் தருகிறது என்று அவர் எழுப்பிய கேள்வியிலிருந்து நம் முகாம்கள் தப்ப முடியாது. முகாமுக்கு முன்பு கிராம சபையில் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்ட கல்லூரிகள் எத்தனை?

மக்களின் தேவையைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டையே சான்று. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிளும் அதில் சேர்ந்துகொண்டது. வேலைக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் நெடுந்தூரம் நடந்த பெண்களுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதை, ஆயிரக்கணக்கில் அவர்கள் திரண்டு சைக்கிள் ஓட்டப் பழகியதே காட்டியது. பாடத்திட்டம் எழுதியவர்கள் மேசையில் இருந்தபடி அதை எட்டியிருக்க முடியாது.

நம் மாநிலத்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தக் கல்விமுறை பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளை எளியவர்களிடம் அழைத்துச் செல்லும் ஏற்பாடாக இருக்கிறது. இங்கே நிலைமை வேறு. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இந்த உயர்வுக்குக் காரணமானவர்களில் பெரும் பகுதியினர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவி, முகாமில் கணக்கெடுக்கப்படும் அதே மாதிரி வீட்டிலிருந்துதான் பஸ் ஏறி வருகிறாள். ரேஷன் கடையின் வரிசையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருப்பும் அவளுக்கு ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவுக்கு வகுப்பறையில் மதிப்பே இல்லை. அவளைப் பதாகையோடு வேறொரு ஊருக்கு அனுப்பி ‘கிராமத்தைப் புரிந்துகொள்’ என்று சொல்லும் கல்வி, அவளையும் புரிந்துகொள்ளவில்லை, கிராமத்தையும் புரிந்துகொள்ளவில்லை. மாலையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் மாணவரிடம் கூலியில்லாத 120 மணி நேரம் கேட்கும்போது, அதற்கு ஈடாக அவர் என்ன கற்பார் என்று சொல்லும் கடமையும் கல்லூரிக்கு உண்டு.

சாதியைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. முகாம் எங்கே தங்குகிறது, எந்தத் தெருவைப் பெருக்குகிறது, யார் வீட்டில் சாப்பிடுகிறது, ஊருக்குள்ளா காலனிக்குள்ளா என்பதையெல்லாம் கிராமம் கவனமாகப் பார்க்கிறது. ஊர்ப் பெரியவர்களின் மனம் கோணக்கூடாது என்று காலனியைத் தவிர்த்துவிட்டுத் திரும்பும் முகாம், இருக்கும் பிரிவினைக்குக் கல்லூரியின் பெயரால் ஒப்புதல் அளித்துவிட்டு வருகிறது. மாணவர்கள் அதையும் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தப் பாடத்தை எந்த அறிக்கையிலும் யாரும் எழுதுவதில்லை.

சரியாகச் செய்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவர் ஐடா ஸ்கடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியாத்தம் சாலையில் தொடங்கிய சாலையோர மருத்துவத்தின் வழிவந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாகச் சமூக மருத்துவப் பணியை நடத்துகிறது. பிறப்பும் இறப்பும் நோயும் அங்கே தொடர்ந்து பதிவாகின்றன. பதிவைத் தொடர்ந்து செவிலியர் வருகிறார், மருத்துவர் வருகிறார், மருத்துவமனை வரை வழி இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் கற்கிறார்கள். அவர்கள் போன பின்னும் நிறுவனம் அங்கேயே இருக்கிறது. திண்டுக்கல் அருகே டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956-இல் உருவாக்கிய காந்திகிராம கிராமியக் கல்வி நிறுவனத்தில் கிராமத் தங்கல் படிப்பின் உள்ளேயே அமைந்தது. மதுரை லேடி டோக் கல்லூரி சேவைவழிக் கற்றலை அந்தப் பெயரிலேயே பாடத்தோடு இணைத்து நடத்திவருகிறது. இந்த நிறுவனங்களிலும் குறைகள் இருக்கும். ஆயினும் ஓர் ஊரோடு நெடுங்காலம் கட்டுப்பட்டு நிற்பது முடியாத காரியம் அல்ல என்பதற்கு இவை போதும்.

புதிதாக வந்த ஏற்பாடு ஒன்றையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். தேசிய மருத்துவ ஆணையம் எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே குறைந்தது மூன்று குடும்பங்களைத் தத்தெடுத்து, அடுத்த ஆண்டுகளிலும் பின்தொடர வேண்டும் என்று விதித்திருக்கிறது. நோயைத் தனி உறுப்பின் கோளாறாகப் பார்க்கப் பழகும் இளம் மருத்துவருக்கு ஒரே குடும்பத்தின் அடுப்பங்கரையையும் சம்பளத்தையும் ஆண்டுக்கணக்கில் பார்க்க நேர்வது பெரும் கல்வி. ஆனால் தத்தெடுத்த குடும்பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டால் அவருடைய மாத்திரைக்கும் மறுபரிசோதனைக்கும் பொறுப்பு யார் என்பதைக் கல்லூரி முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் தத்து என்ற பெயரை எடுத்துவிட வேண்டும். வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பெறும் பணி அனுபவத்துக்கும் இது பொருந்தும். பஞ்சகவ்யம் தயாரிப்பது எப்படி என்று மாணவியர் விவசாயிகளுக்குச் செயல்விளக்கம் அளித்த செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. சுற்றி நிற்கும் விவசாயிகளில் பாதிப் பேர் அதை வருடக்கணக்காகத் தெளித்துவருபவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் அவர்களுக்கே பாடம் எடுப்பது, கல்வியின் திசையே தவறிவிட்டதைக் காட்டுகிறது.

பொறுப்பு யாருடையது? மாணவர்களுடையது அல்ல. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகையிலும் கடலூரிலும், 2015 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த சென்னையிலும் கிரெடிட் கேட்காமல் இறங்கி நின்றவர்கள் அவர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கல்லூரியில் நடத்தும் ஆசிரியர்களான திட்ட அலுவலர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. முழு வகுப்புச் சுமையோடு நூறு மாணவர்களைக் கவனிக்கும் அந்த ஆசிரியருக்கு, ஒரு மாணவருக்குச் சில நூறு ரூபாய் என்ற கணக்கில்தான் நிதி வருகிறது. அதுவும் பல நேரம் தாமதமாக, அவர் கைப்பணம் செலவழிந்த பிறகு வருகிறது. ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு, ஓர் ஊரோடு ஆறு ஆண்டு உழைத்ததற்குப் பதவி உயர்வில் கிடைப்பதில்லை.

பொறுப்பு மேலே இருக்கிறது. தேசியத் தரவரிசைக் கட்டமைப்பில் ‘மக்களைச் சென்றடைதலும் உள்ளடக்கமும்’ என்ற பெயரில் பத்து விழுக்காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிற மாநில மாணவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பின்தங்கியோர் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி என்பவற்றையே அது அளக்கிறது. அவை அளக்கப்பட வேண்டியவைதான். ஆனால் கல்லூரி தன் வாசலுக்கு வெளியே இருக்கும் மக்களுக்கு என்ன செய்தது என்பதற்கு அந்தப் பத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. தர மதிப்பீட்டுக் குழுவோ விரிவாக்கப் பணியைக் கணக்கில் எடுக்கிறது, எண்ணிக்கையாக. எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை மாணவர்கள், எத்தனை படங்கள். எண்ணிக்கையைக் கேட்டதால் எண்ணிக்கை வருகிறது. அரசு அலுவலகங்களும் இந்த மாணவர்களைச் செலவில்லாத ஆட்பலமாகவே பார்க்கின்றன. மனிதச் சங்கிலிக்கும் விழிப்புணர்வுப் பேரணிக்கும் அமைச்சர் விழாவில் நாற்காலி நிரப்பவும் அவர்கள் அழைக்கப்படுகிறார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற மாணவிக்கு அந்த நேரம் ‘சமூகப் பணி’ என்று பதிவேட்டில் ஏறுகிறது. இதை உடனே நிறுத்த உயர்கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

கட்டாயமா, விருப்பமா என்று தேஷ்முக் காலத்திலிருந்து நீளும் விவாதத்துக்கும் நம் பதிலைச் சொல்லிவிடுகிறோம். கல்லூரிக்குக் கட்டாயம், மாணவருக்கு விருப்பத் தேர்வு. பொது நிதியும் பொது நிலமும் பெறும் ஒவ்வொரு கல்லூரியும் அருகிலுள்ள ஓர் ஊரோடோ நகரப் பகுதியோடோ குறைந்தது பத்தாண்டுகள் எழுத்து மூலம் பொறுப்பேற்க வேண்டும். எந்தத் துறை எதைச் செய்யும் என்பதை அந்த மக்களைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அதில் சேரும் மாணவருக்கு ஒரு கிரெடிட் போதாது. தன் முதன்மைப் பாடத்தின் ஒரு தாளுக்கு நிகரான இடம் அதற்கு வேண்டும், வழிநடத்தும் ஆசிரியரின் பணிநேரத்தில் அது கணக்கிடப்பட வேண்டும். பயணச் செலவை மாணவர் தலையில் கட்டக் கூடாது. மதிப்பெண் வழங்கும்போது ஊராரின் கருத்தும் அதில் ஒரு பங்காக இருக்க வேண்டும். படிக்காதவர்கள் எப்படி மதிப்பெண் போடுவார்கள் என்று கேட்கும் பேராசிரியர்கள், அந்தப் படிக்காதவர்கள் சொன்ன தகவலை வைத்துத்தான் தங்கள் கட்டுரைகள் எழுதப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்குக் காலமும் பணமும் ஆகும். ஆனால் ஒன்றுக்கு இரண்டும் தேவையில்லை. ஓர் ஊரில் எடுத்த கணக்கெடுப்பின் முடிவை, தமிழில், எளிய நடையில், தனியார் விவரங்களை நீக்கிவிட்டு, அந்த ஊரின் கிராம சபையில் மாணவர்களே படித்துக் காட்ட வேண்டும். சபையில் எழும் கேள்விகளுக்கு ஆசிரியரும் மாணவரும் பதில் சொல்ல வேண்டும். அது நடந்ததற்கு ஊராட்சியின் கையெழுத்து வந்த பிறகே பகுதி 5-இன் கிரெடிட் வழங்கப்பட வேண்டும். துணைவேந்தர்கள் விரும்பினால் அடுத்த கல்விக் குழுக் கூட்டத்திலேயே இதை விதியாக்கிவிடலாம். மறுப்பார்களானால், மக்களிடம் எடுத்ததை மக்களுக்குக் காட்ட ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு ஊராட்சிக்கும் உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நாட்டு நலப்பணித் திட்ட நாளான செப்டம்பர் 24-ஐக் கல்லூரிகள் கொண்டாடி முடித்த எட்டாம் நாள், அக்டோபர் 2 அன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்தச் சபை கூடும்.